தேடல் முடிவுகளைப் பக்கம் பிரிப்பது எப்படி: டேபிள் பெருத்தாலும் தளம் திணறாமல் இருக்க

முந்நூறு பதிவுகள் உள்ள டேபிளில் எப்படிப் பக்கம் பிரித்தாலும் ஓடிவிடும். மூன்று லட்சம் ஆகும்போதுதான் வேலை தொடங்குகிறது: முதல் பக்கம் பறக்கும், நாற்பதாவது பக்கம் தவழும், நடுவில் ஒரு பதிவு இரண்டு முறை வரும், இன்னொன்று வரவே வராது. ரங்கூனில் நம் பிள்ளைகள் பலர் இப்போது கடைக்கும் கம்பெனிக்கும் தளம் கட்டிக் கொடுக்கிறார்கள். அவர்கள் தடுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றேதான். லிமிட் (எத்தனை பதிவு வேண்டும்), ஆஃப்செட் (எத்தனையைத் தாண்ட வேண்டும்) என்று கட்டளையைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறார்கள். வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். வரிசை சரியாக அமைந்தால் இன்டெக்ஸ் (பதிவைச் சீக்கிரம் கண்டுபிடிக்க டேட்டாபேஸ் அடுக்கி வைக்கும் அட்டவணை), அடுத்த பக்கம், முந்தைய பக்கம் எல்லாமே அதிலிருந்து வந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு பருப்பு வியாபாரத் தளத்தை வைத்துக்கொள்வோம். பெயின்நாங் மொத்தச் சந்தையை ஒட்டி உளுந்து, துவரை, பச்சைப்பயறு விற்பவர்கள் தங்கள் சரக்கைப் பதிவு செய்கிறார்கள். சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர் தேடிப் பார்க்கிறார். டேபிளின் பெயர் சரக்கு. அதன் புலங்கள் ஐடி, விளைபொருள், தரம், விலை, ஊர், பதிவு_நேரம். உளுந்து என்றால் எஃப்ஏக்யூ, எஸ்க்யூ என்று தரம் இருக்கும், துவரை என்றால் லெமன் துவரை. கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற இரண்டு டேட்டாபேஸ்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, நிஜ அளவில் போலித் தரவு. இருபது பதிவை வைத்துக்கொண்டு பக்கம் பிரித்தலைச் சோதிக்கவே முடியாது. போஸ்ட்கிரெஸில் ஜெனரேட்_சீரீஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, அதை வைத்து ஐந்து லட்சம் பதிவை ஒரே கட்டளையில் நிரப்பிவிடலாம். நிரப்பும்போது விலையை ரேண்டமாகப் பல்லாயிரம் விதமாகப் போடாதீர்கள். சந்தையில் அன்றைய விலை ஒன்றுதான், ஐம்பது பேர் அதே விலையைத்தான் போடுவார்கள். அதனால் பத்துப் பதினைந்து விலைகளே திரும்பத் திரும்ப வருமாறு நிரப்புங்கள். இது ஏன் முக்கியம் என்று அடுத்த படியிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு குவெரியை, அதாவது தேடல் கட்டளையை, டேட்டாபேஸ் எப்படி ஓட்டியது என்று காட்டும் அறிக்கை அது. முழுவதும் தெரிய வேண்டியதில்லை. எந்த இன்டெக்ஸைப் பயன்படுத்தியது, எத்தனை பதிவைப் படித்தது, சார்ட் (வரிசைப்படுத்தல்) என்று தனியாக ஒரு படி வந்ததா, இந்த மூன்றும் கண்ணில் பட்டால் போதும். எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். உங்கள் லேப்டாப்பில் எல்லாமே மெமரியில் உட்கார்ந்திருக்கும், அங்கே கிடைக்கும் நேரம் பொய் சொல்லும். படித்த பதிவுகளின் எண்ணிக்கை பொய் சொல்லாது.

மூன்றாவது, தளத்தின் சொந்தக்காரரிடம் ஒரு கேள்வி: பார்க்க வருகிறவர் உண்மையிலேயே 80-ஆவது பக்கத்துக்குத் தாவுவாரா? பத்தில் ஒன்பது தளங்களில் இல்லை என்பதுதான் பதில். அந்த ஒரு பதிலே பாதி வேலையைக் குறைத்துவிடும்.

2. வரிசையை ஒரே மாதிரி நிற்கும்படி கட்டுங்கள்

ஆர்டர் பை (எந்த வரிசையில் வேண்டும் என்று சொல்லும் பகுதி) இல்லாமல் லிமிட் போட்டால், டேட்டாபேஸ் தனக்கு வசதியான பதிவுகளைத் தரும். இன்று ஐடி வரிசையில் வருகிறது என்பதால் நாளைக்கும் வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. இதைப் பலரும் அறிவார்கள்.

பலருக்குத் தெரியாதது இதற்கு அடுத்தது. ஆர்டர் பை விலை என்று போட்டுவிட்டோம், வரிசை வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். எஃப்ஏக்யூ உளுந்து டன் 900 டாலர் என்று அறுபது பேர் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறுபதுக்குள் யார் முன், யார் பின் என்று நீங்கள் சொல்லவே இல்லை. முதல் பக்கத்துக்கு ஒரு குவெரி, இரண்டாம் பக்கத்துக்கு இன்னொரு குவெரி. இரண்டிலும் டேட்டாபேஸ் அந்த அறுபதை வேறு வேறு மாதிரி அடுக்கினால், முதல் பக்கத்தில் பார்த்த சரக்கே இரண்டாம் பக்கத்திலும் வரும், வேறொருவருடைய சரக்கு எந்தப் பக்கத்திலும் வராமலே போகும். அவர் போன் போட்டு "என் உளுந்து உங்க தளத்துல இல்லையே" என்று கேட்பார், நீங்கள் ஐடி போட்டுத் தேடினால் பதிவு பத்திரமாக இருக்கும்.

தீர்வு எளிது. வரிசையின் கடைசியில் எப்போதும் தனித்துவமான ஒரு புலத்தைச் சேர்த்துவிடுங்கள்:

ஆர்டர் பை விலை, ஐடி

இனி எந்த இரண்டு பதிவுக்கும் இடையே சமநிலையே வராது. இந்த ஒரு வார்த்தையைச் சேர்ப்பதால் செலவும் ஏறாது, அதற்கேற்ற இன்டெக்ஸ் இருந்தால்.

இங்கே இரண்டு வழுக்கல் இடங்கள். ஒன்று, திசை. விலை ஏறுமுகம், ஐடி இறங்குமுகம் என்று கலக்காதீர்கள், கலந்தால் படி 6 தேவையில்லாமல் சிக்கலாகும். இரண்டும் ஒரே திசையில் போகட்டும், ஐடியின் திசையைப் பார்ப்பவர் யாரும் கவனிக்கப்போவதில்லை. மற்றொன்று, காலிப் புலம். "விலை நேரில் பேசிக்கொள்ளலாம்" என்று விலையைக் காலியாக விடுகிறவர்கள் நம் சந்தையில் ஏராளம். காலியை எதோடு ஒப்பிட்டாலும் டேட்டாபேஸுக்கு ஆமாம் இல்லை என்ற பதில் கிடைக்காது, அந்தப் பதிவுகள் சத்தமில்லாமல் விழுந்துவிடும். போதாக்குறைக்கு, ஏறுமுக வரிசையில் போஸ்ட்கிரெஸ் காலிகளைக் கடைசியில் வைக்கும், மைஎஸ்க்யூஎல் முதலில் வைக்கும். வரிசைக்கென்றே தனியாக ஒரு புலம் வைத்து, விலை காலியாக இருந்தால் அதில் ஒரு பெரிய எண்ணைப் போட்டுவிடுவது என் வழக்கம். திரையில் காட்டும் விலை தனி, வரிசைப்படுத்தும் விலை தனி. கீழே விலை என்று வரும் இடங்களில் அந்தப் புலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. தேடும் நிபந்தனைகளைச் சுத்தம் செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு "பக்கம் மெதுவாக இருக்கிறது" என்கிறார்கள். பக்கத்தில் குறையில்லை, தேடலே மெதுவாக இருக்கும்.

தேதியில் தொடங்குவோம். இன்றைய பதிவுகள் மட்டும் வேண்டும் என்பதற்காகப் பதிவு_நேரத்தை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிட்டால், அந்தப் புலத்தின் சாதாரண இன்டெக்ஸ் பயன்படாது. டேட்டாபேஸ் ஒவ்வொரு பதிவுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கும். புலத்தைத் தொடாமல், இந்த நேரத்திலிருந்து இந்த நேரத்துக்கு முன்பு வரை என்று எல்லை கொடுங்கள். எல்லையைக் கணக்கிடும்போது நம் ஊர் நேரம் அரை மணியோடு வருகிறது, யூடிசியை (உலகப் பொது நேரத்தை) விட ஆறரை மணி நேரம் முன்னால் என்பதை மறக்காதீர்கள். ரங்கூனில் நள்ளிரவு என்றால் யூடிசியில் ஓடும் சர்வரில் முந்தைய நாள் மாலை 17:30. இதை ஆறு மணி என்று ரவுண்டாகப் போட்டுவிட்ட தளங்களில் நள்ளிரவை ஒட்டிப் பதிவாகும் சரக்கு தவறான நாளில் போய் உட்காரும்.

அடுத்தது எழுத்து. பர்மியப் பெயரில் தேடும் வசதி இருந்தால் ஸாவ்ஜி எழுத்துருவின் தொல்லை இருக்கும். ஸாவ்ஜியும் யூனிகோடும் ஒரே குறியீட்டு எல்லையைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் அடுக்கும் முறை வேறு. திரையில் ஒன்றாகத் தெரியும் ஊர்ப்பெயர் டேபிளில் இரண்டு விதமாகக் கிடக்கும். 2019 அக்டோபர் 1-ல் மியான்மர் அதிகாரப்பூர்வமாக யூனிகோடுக்கு மாறிவிட்டது, ஆனாலும் பழைய எக்செல் கோப்புகளும் பழைய போன்களும் ஸாவ்ஜியை இன்னும் உள்ளே கொண்டுவருகின்றன. தேடும் நேரத்தில் மாற்ற முயலாதீர்கள். பதிவாகும் நேரத்திலேயே கண்டுபிடித்து யூனிகோடாக மாற்றிச் சேமியுங்கள், தேடுபவர் தட்டுவதையும் அதே வழியில் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் பெயர் வரிசையில் பக்கம் பிரித்தால் ஒரே ஊர் மூன்றாம் பக்கத்திலும் வரும், முப்பதாம் பக்கத்திலும் வரும். அப்புறம் விற்பவர் பெயரில் ஊ, டாவ், கோ, மா என்ற முன்னொட்டைத் தனிப் புலத்தில் பிரித்து வையுங்கள், இல்லையென்றால் ஊரில் பாதிப் பேர் ஒரே எழுத்தின் கீழ் வந்து நிற்பார்கள்.

சொல்லின் நடுவில் தேடும் லைக் குவெரி, அதாவது முன்னாலும் பின்னாலும் சதவீதக் குறி போடுவது, சாதாரண பி-ட்ரீ இன்டெக்ஸைப் பயன்படுத்தாது. சொல்லின் தொடக்கத்தில் மட்டும் தேடினால் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். போதாது என்றால் போஸ்ட்கிரெஸில் டிரைகிராம் இன்டெக்ஸ், மைஎஸ்க்யூஎல்லில் என்கிராம் பார்சர் (எழுத்துத் துண்டுகளாக வெட்டுவது) சேர்த்த ஃபுல் டெக்ஸ்ட் இன்டெக்ஸ் என்று போக வேண்டும். பர்மிய மொழியில் சொற்களுக்கு இடையே இடைவெளி விட்டு எழுதும் வழக்கம் இல்லாததால் சாதாரண ஃபுல் டெக்ஸ்ட் தேடல் சொல் பிரிக்கத் தடுமாறும், அதையும் கணக்கில் எடுங்கள்.

4. வரிசைக்கும் நிபந்தனைக்கும் சேர்த்து ஒரே இன்டெக்ஸ்

விளைபொருளுக்கு ஓர் இன்டெக்ஸ், விலைக்கு ஓர் இன்டெக்ஸ், தரத்துக்கு ஓர் இன்டெக்ஸ் என்று தனித்தனியாகப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போகிறவர்கள் அதிகம். உளுந்து, எஃப்ஏக்யூ, விலை ஏறுமுகம் என்ற தேடலுக்கு இவற்றில் எதுவும் முழுமையாக உதவாது. நமக்கு வேண்டியது இது:

கிரியேட் இன்டெக்ஸ் ஆன் சரக்கு (விளைபொருள், தரம், விலை, ஐடி)

விதி: சமம் என்று ஒப்பிடும் புலங்கள் முன்னால், பிறகு வரிசைப்படுத்தும் புலம், கடைசியில் ஐடி. காரணம், இன்டெக்ஸுக்குள் பதிவுகள் இந்த வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கும். உளுந்து எஃப்ஏக்யூ தொடங்கும் இடத்துக்கு நேராகப் போய், அங்கிருந்து இருபதைப் படித்துவிட்டு நின்றுவிடலாம். சார்ட் என்ற படியே தேவைப்படாது. விலையை முன்னாலும் தரத்தைப் பின்னாலும் வைத்தால், எஸ்க்யூ பதிவுகளை எல்லாம் படித்துப் படித்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

இதன் மறுபக்கமும் தெரிய வேண்டும். பார்ப்பவர் தரத்தைத் தேர்ந்தெடுக்காமல் உளுந்து மட்டும் என்று தேடினால் இந்த இன்டெக்ஸின் வரிசை உதவாது, அதற்கு (விளைபொருள், விலை, ஐடி) என்று இன்னொன்று வேண்டும். உளுந்தும் துவரையும் சேர்த்து என்று இன் பட்டியல் கொடுத்தாலும் அப்படித்தான், ஒவ்வொரு பொருளுக்குள்ளும் விலை வரிசை இருக்குமே தவிர இரண்டையும் சேர்த்த விலை வரிசை இருக்காது. எல்லாச் சேர்க்கைக்கும் இன்டெக்ஸ் போடப் போனால் பதிவு சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அத்தனையையும் புதுப்பிக்க வேண்டும். தேடல்களின் லாகைப் பார்த்து, மக்கள் உண்மையில் தேடும் மூன்று நான்கு சேர்க்கைக்கு மட்டும் போடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் போஸ்ட்கிரெஸ் இன்டெக்ஸ் போடும்போது கன்கரன்ட்லி சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது முடியும் வரை யாரும் புதுச் சரக்கு பதிய முடியாது.

5. ஆஃப்செட் போதுமா என்று பாருங்கள்

ஆஃப்செட்டைத் திட்டுவது இப்போது ஒரு ஃபேஷன் ஆகிவிட்டது. டேபிளில் சில ஆயிரம் பதிவுகள்தான், அட்மின் மட்டும் பார்க்கும் பக்கம் என்றால் லிமிட் 20 ஆஃப்செட் 40 என்று போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். 2-ஆம் படியில் சொன்ன ஐடியை மட்டும் மறக்காதீர்கள்.

பெரிய டேபிளில் ஆஃப்செட் ஏன் தள்ளாடுகிறது? ஆஃப்செட் 1,00,000 லிமிட் 20 என்றால் டேட்டாபேஸ் நேராக 1,00,001-க்குப் போவதில்லை. 1,00,020 பதிவுகளை வரிசையாக எடுத்து, முதல் ஒரு லட்சத்தைக் கீழே போட்டுவிட்டு மீதி இருபதைத் தருகிறது. கிட்டங்கியில் அடுக்கின் அடியில் உள்ள மூட்டை வேண்டும் என்பதற்காக மேலே உள்ளது முழுவதையும் இறக்கி ஓரம் வைப்பது மாதிரி. இன்டெக்ஸ் இருந்தாலும் இதேதான், இறக்குவது கொஞ்சம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

வேகத்தை விட எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. ஒருவர் புதியது முதலில் என்ற வரிசையில் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது யாரோ ஒரு புதுச் சரக்கைச் சேர்க்கிறார். எல்லாம் ஓர் இடம் கீழே நகர்கிறது. அடுத்த பக்கத்தை அழுத்தினால் முதல் பக்கத்தின் கடைசிப் பதிவு மறுபடி மேலே நிற்கும். இதற்கு நேர்மாறாக ஒன்று அழிக்கப்பட்டால், ஒரு பதிவு அவர் கண்ணில் படாமலே தாண்டிப் போய்விடும். காலையில் சந்தை திறந்ததும் பதிவுகள் குவிகிற தளத்தில் இது ஓயாமல் நடக்கும்.

பக்க எண் கட்டாயம் வேண்டும் என்று சொந்தக்காரர் அடம்பிடித்தால் இரண்டு நடுவழிகள். 50 பக்கத்துக்கு மேல் போக விடாதீர்கள், "தேடலைச் சுருக்குங்கள்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது, உள்ளே ஒரு துணைக் குவெரியில் ஐடியை மட்டும் எடுத்து, அந்த இருபது ஐடிக்கு மட்டும் முழுப் பதிவை ஜாயின் செய்யுங்கள் (இணைத்து எடுங்கள்). தள்ளிவிடும் ஒரு லட்சமும் இன்டெக்ஸுக்குள்ளேயே படிக்கப்படும், ஒவ்வொன்றின் முழுப் பதிவையும் தேடிப் போக வேண்டியிருக்காது. நோய் தீராது, வலி குறையும்.

6. குறிப்பான் வைத்து அடுத்த பக்கம்

இதுதான் நடு வேலை. எத்தனையைத் தாண்ட வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, கடைசியாகப் பார்த்த பதிவு எது, அதற்கு அடுத்தது என்ன என்று கேட்கப் போகிறோம். அந்தக் கடைசிப் பதிவின் மதிப்புகள்தான் குறிப்பான். முதல் பக்கம் சாதாரணமானது:

செலெக்ட் ஐடி, தரம், விலை, ஊர் ஃப்ரம் சரக்கு
வேர் விளைபொருள் = 'உளுந்து' அண்ட் தரம் = 'எஃப்ஏக்யூ'
ஆர்டர் பை விலை, ஐடி
லிமிட் 21

காட்டப்போவது 20, கேட்டது 21. அந்த இருபத்தொன்றாவது வந்தால் அடுத்த பக்கம் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. இதற்காகத் தனியாக எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. அதைத் திரையில் காட்டாமல் வெட்டிவிட மறக்காதீர்கள். குறிப்பானையும் இருபதாவது பதிவிலிருந்துதான் எடுக்க வேண்டும், இருபத்தொன்றிலிருந்து எடுத்தால் பக்கத்துக்கு ஒரு பதிவு காணாமல் போகும்.

இருபதாவது பதிவின் விலை 900, ஐடி 5512 என்று வைப்போம். அடுத்த பக்கத்துக்கு அதே குவெரியில் ஒரே ஒரு நிபந்தனை கூடுதல்:

அண்ட் (விலை, ஐடி) > (900, 5512)

இரண்டையும் ஜோடியாக ஒப்பிடுகிறது: விலை 900-ஐ விடக் கூடுதல், அல்லது விலை 900 தான், ஆனால் ஐடி 5512-ஐ விடக் கூடுதல். புதியவர்கள் இங்கே விலை > 900 அண்ட் ஐடி > 5512 என்று எழுதிவிடுவார்கள். இது வேறு அர்த்தம். விலை கூடுதலாகவும் ஐடி குறைவாகவும் உள்ள அத்தனை சரக்கும் காணாமல் போகும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

போஸ்ட்கிரெஸ் இந்த ஜோடி ஒப்பீட்டை இன்டெக்ஸோடு அழகாகப் பொருத்திக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல் எழுதினால் ஏற்றுக்கொள்ளும், சரியான விடையும் தரும், ஆனால் இன்டெக்ஸைச் சரியாகப் பயன்படுத்தாமல் போகலாம். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் இப்படி எழுதவே முடியாது. அங்கெல்லாம் இப்படிப் பிரித்து எழுதுங்கள்:

அண்ட் விலை >= 900 அண்ட் (விலை > 900 ஆர் ஐடி > 5512)

முன்னால் உள்ள விலை >= 900 தேவையற்றது போலத் தெரியும். அதுதான் இன்டெக்ஸில் எங்கிருந்து தொடங்குவது என்று காட்டிக்கொடுக்கிறது, எடுத்துவிடாதீர்கள்.

இறங்குமுக வரிசை என்றால் குறி < ஆகும். இதில் ஒரு பக்கம் ஏறுமுகம், ஒரு பக்கம் இறங்குமுகம் என்று கலந்திருந்தால் ஜோடி ஒப்பீடு வேலை செய்யாது. அதனால்தான் திசையைக் கலக்க வேண்டாம் என்று முன்பே சொன்னேன்.

நேர வரிசையில் பக்கம் பிரிக்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது, கண்டுபிடிக்க நாள் பிடிக்கும். போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோசெகண்ட் வரை வைத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் டேட் மில்லிசெகண்டோடு நின்றுவிடும். டேபிளில் 10:15:20.123456 என்று இருப்பது உங்கள் நிரலுக்குள் வந்து போனதும் 10:15:20.123 ஆகிவிடும். புதியது முதலில் என்ற வரிசையில் அதற்குக் குறைவானதைக் கேட்டால், .123400-ல் பதிவானது இடையில் விழுந்துவிடும். பழையது முதலில் என்றால் பார்த்த பதிவே திரும்ப வரும். ஒவ்வொன்றாகக் கையால் பதியும்போது இது தெரியாது, ஒருவர் எக்செல்லில் நானூறு பதிவை ஒரே மூச்சில் ஏற்றும் நாளில் தெரியும். நேரத்தைக் குவெரியிலேயே எழுத்துச் சரமாக மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள், நிரலின் டேட் வகைக்குள் அது போகவே வேண்டாம். ஐடி மிகப் பெரிய எண்ணாக இருந்தாலும் இதே கதை, 9007199254740991-க்கு மேல் ஜாவாஸ்கிரிப்ட் எண்கள் துல்லியம் இழக்கும். சரமாகவே அனுப்புங்கள்.

இன்னொன்று: கடைசியாக மாற்றிய நேரம் என்ற புலத்தை வைத்துப் பக்கம் பிரிக்காதீர்கள். பார்ப்பவர் நடுவில் இருக்கும்போதே பதிவுகள் இடம் மாறும், எந்தக் குறிப்பானாலும் அதைச் சமாளிக்க முடியாது. விலையும் மாறக்கூடியதுதான், ஆனால் எப்போதோ ஒரு முறை. பதிவு_நேரம் மாறாது, அதுவே பாதுகாப்பு.

7. முந்தைய பக்கம்

திரும்பிப் போக மூன்று மாற்றங்கள் வேண்டும். பக்கத்தின் முதல் பதிவைக் குறிப்பானாக எடுங்கள், ஒப்பீட்டுக் குறியைத் திருப்புங்கள், ஆர்டர் பையின் இரண்டு திசையையும் திருப்புங்கள். வந்த இருபதையும் நிரலில் தலைகீழாக்கிக் காட்டுங்கள்.

பலர் குறியை மட்டும் திருப்பிவிட்டு வரிசையைத் திருப்ப மறப்பார்கள். அப்படிச் செய்தால் பத்தாம் பக்கத்திலிருந்து முந்தைய பக்கத்தை அழுத்தியதும் முதல் பக்கத்துக்கே போய் நிற்கும், ஏனென்றால் 900-க்குக் குறைவானவற்றில் முதல் இருபது அங்கேதான் இருக்கிறது.

8. மொத்தம் எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிடுங்கள்

"24,318 முடிவுகளில் 1 முதல் 20 வரை" என்று காட்ட ஆசைப்பட்டு, இருபது பதிவை எடுக்கும் குவெரியை விடப் பல மடங்கு கனமான கவுன்ட் குவெரியை ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓட்டுகிறார்கள். போஸ்ட்கிரெஸும், மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியும் மொத்தத்தை எங்கும் எழுதி வைத்திருப்பதில்லை, பொருந்தும் பதிவுகளை எண்ணியே ஆக வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் எஸ்க்யூஎல்_கால்க்_ஃபவுண்ட்_ரோஸ் என்ற பழைய குறுக்குவழியும் 8.0.17-லிருந்து கைவிடப்படும் பட்டியலில் இருக்கிறது, புதிதாக எழுதும் நிரலில் சேர்க்காதீர்கள்.

சொந்தக்காரருக்கு எண் வேண்டுமென்றால் உச்சவரம்பு வையுங்கள். உள்ளே லிமிட் 1001 போட்டு வெளியே எண்ணுங்கள். 1001 வந்தால் "1000-க்கும் மேல்" என்று காட்டுங்கள், குறைவாக வந்தால் அந்த எண்ணையே காட்டலாம். 24,318 என்று பார்த்தவர் அதை வைத்து என்ன செய்யப்போகிறார்?

9. ஜாயினுக்கு முன் லிமிட்

சரக்குக்குப் படங்கள் இருக்கின்றன, அவை தனி டேபிளில். இரண்டையும் ஜாயின் செய்து கடைசியில் லிமிட் 20 போட்டால், அந்த இருபது என்பது ஜாயினுக்குப் பிந்தைய பதிவுகளின் கணக்கு. ஒரு சரக்குக்கு நான்கு படம் என்றால் பக்கத்தில் ஐந்து சரக்குதான் வரும், படங்களின் எண்ணிக்கை சரக்குக்குச் சரக்கு மாறினால் கடைசிச் சரக்குக்குப் பாதிப் படம் அறுந்தும் போகலாம். டிஸ்டிங்க்ட் (இரட்டிப்பை நீக்கச் சொல்வது) போட்டு ஒட்டுப்போடுவதை நிறையப் பார்க்கிறேன், அது மெதுவாக்குமே தவிர எப்போதும் சரியாக்காது.

சரக்கு டேபிளில் மட்டும் முதலில் இருபதை எடுங்கள். பிறகு அந்த இருபது ஐடிக்கும் சேர்த்து ஒரே குவெரியில் படங்களை எடுங்கள். ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியாகப் படக் குவெரி ஓட்டினால் பக்கத்துக்கு இருபத்தொரு குவெரி ஆகிவிடும், அதுவும் வேண்டாம்.

10. முகவரியில் என்ன இருக்க வேண்டும்

தேடல் நிபந்தனை, வரிசை, குறிப்பான் மூன்றும் இணைய முகவரியிலேயே இருக்கட்டும். மின்சாரம் போய் ரூட்டர் அணைந்து, போன் டேட்டாவுக்கு மாறி, பக்கத்தை மறுபடி ஏற்றினாலும் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். நம் ஊரில் இது அன்றாடம். முகவரியை அப்படியே வைபரில் கூட்டாளிக்கு அனுப்பினால் அவருக்கும் அதே பட்டியல் திறக்க வேண்டும்.

குறிப்பானை பேஸ்64 என்ற எழுத்துக் குறியீட்டில் மாற்றி ஒரே சரமாக வையுங்கள். இதற்குக் காரணம் பாதுகாப்பு இல்லை, யாரும் அதைப் பிரித்துப் படிக்கலாம். பின்னாளில் உள்ளே இருப்பதை மாற்றினாலும் வெளியில் எதுவும் உடையாமல் இருக்கத்தான். பிரித்தெடுத்த மதிப்பை குவெரியில் நேராக ஒட்டாதீர்கள், பேராமீட்டராகவே (குவெரியின் எழுத்தோடு சேர்க்காமல் தனி மதிப்பாக) அனுப்புங்கள். எந்த வரிசைக்காக உருவான குறிப்பான் என்பதையும் உள்ளே எழுதி வையுங்கள். விலை வரிசையில் பிறந்த குறிப்பானோடு ஒருவர் தேதி வரிசைக்கு மாறினால் குப்பை வரும், அப்படிப் பொருந்தாவிட்டால் முதல் பக்கத்தைக் காட்டிவிடுங்கள். நிபந்தனையை மாற்றும் ஒவ்வொரு முறையும் குறிப்பானை அழிக்க வேண்டும், தேடல் படிவத்தில் அதை மறைபுலமாக வைத்துவிட்டு மறப்பது வழக்கமான தவறு.

வரிசைப் புலத்தின் பெயர் முகவரியிலிருந்து வந்தால் அதைப் பேராமீட்டராக அனுப்ப முடியாது. அனுமதித்த பெயர்களின் பட்டியல் ஒன்றை நிரலில் வைத்து, அதில் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். பக்க அளவுக்கும் உச்சவரம்பு 100 என்று வையுங்கள். யாராவது ஒருவர் லட்சம் என்று போட்டுப் பார்க்கத்தான் செய்வார்.

11. பொருத்தப்படி வரிசை கேட்டால்

நன்றாகப் பொருந்துவது முதலில் என்ற தேடலுக்கு மேலே சொன்ன இன்டெக்ஸ் உதவாது. பொருத்த மதிப்பெண் தேடும் சொல்லைப் பொறுத்தது, முன்கூட்டியே அடுக்கி வைக்க முடியாது. பொருந்தும் அத்தனைக்கும் மதிப்பெண் போட்டுப் பிறகுதான் வரிசைப்படுத்த முடியும். இங்கே ஆழமான பக்கங்களுக்கு விலை கொடுத்தே தீர வேண்டும், அதனால் முதல் சில நூறு முடிவுகளோடு நிறுத்துங்கள். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளே இயல்பாக 10,000 முடிவுக்கு மேல் ஆஃப்செட் முறையில் போக விடாது. அதைத் தாண்டச் சர்ச் ஆஃப்டர் என்று தருவதும் குறிப்பான் முறைதான். வரம்பை ஏற்றிவிடும் அமைப்பு இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

12. திரையில்

கீழே இறங்க இறங்கத் தானாக ஏறும் பட்டியலை நான் பரிந்துரைப்பதில்லை. டேட்டா பேக் போட்டுப் பார்ப்பவரின் காசைக் கேட்காமல் செலவழிக்கும், பக்கத்தின் அடியில் உள்ள தொடர்பு எண்ணை எட்டவே முடியாது. "மேலும் காட்டு" என்று ஒரு பொத்தான் போதும். அழுத்தியதும் முகவரியும் மாறட்டும், ஒரு சரக்கைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்னால் வந்தால் அதே இடத்தில் நிற்க வேண்டும்.

தாவிப் போக வேண்டும் என்பவர்களுக்குப் பக்க எண்ணை விட நல்ல வழி, மதிப்பால் தாவுவது. "விலை 950-லிருந்து", "இந்தத் தேதியிலிருந்து" என்று ஒரு பெட்டி. உள்ளே அதுவும் ஒரு குறிப்பான்தான், கூடுதல் வேலை எதுவும் இல்லை.

13. சோதிக்கும் வரிசை

முதலில், ஐந்து லட்சம் போலிப் பதிவில் ஒரு தேடலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நடக்கும் சின்ன நிரல் எழுதுங்கள். வந்த ஐடிகளைச் சேர்த்து, ஒரே தடவை கவுன்ட் ஓட்டி ஒப்பிடுங்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வரிசையிலோ குறிப்பானிலோ ஓட்டை இருக்கிறது. ஒரே விலை அறுபது தடவை வரும் தரவில்தான் இது பிடிபடும். அதே நடையைக் கடைசியிலிருந்து பின்னோக்கியும் நடத்துங்கள்.

அடுத்து, நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் பதிவுகளைச் சேர்க்கவும் அழிக்கவும் செய்யுங்கள், குறிப்பானாக இருக்கும் பதிவையே அழித்தும் பாருங்கள். அழிந்தாலும் அடுத்த பக்கம் வர வேண்டும், நாம் ஒப்பிடுவது மதிப்பைத்தான். வரவில்லை என்றால் நிரலில் எங்கோ அந்த ஐடியை டேபிளில் போய்த் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

கடைசியாக, முதல் பக்கத்துக்கும் ஆயிரமாவது பக்கத்துக்கும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் ஓட்டி அருகருகே வையுங்கள். படித்த பதிவுகளின் எண்ணிக்கை இரண்டிலும் 21 என்றே இருக்க வேண்டும். ஆயிரமாவதில் மட்டும் எண் ஏறியிருந்தால் ஜோடி ஒப்பீடு இன்டெக்ஸைத் தொடவில்லை, 6-ஆம் படியில் பிரித்து எழுதிய வடிவத்துக்கு மாறுங்கள். இரண்டிலுமே சார்ட் தெரிந்தால் 4-ஆம் படியில் புலங்களின் வரிசை தவறியிருக்கிறது.